கலங்கரை விளக்கம் இடம் மாறிப் போகுமா? போயிருக்கிறதே, தெரியுமா?

டென்மார்க்கின் வடமேற்குக் கடற்கரையில் ருப்யேர்க் க்னூதே என்று ஓர் இடம். அங்கே 23 மீட்டர் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1900இல் அதற்கு விளக்கேற்றியபோது, அதற்கும் கடலுக்கும் நடுவே சுமார் 200 மீட்டர் நிலம் இருந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டே வந்து 2019இல் மிச்சம் வைத்தது எவ்வளவு தெரியுமா? வெறும் 6 மீட்டர்! அதற்கப்புறம் செங்குத்துச் சரிவு, கீழே அலை. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டார்களா? அதுதான் இல்லை. அடியில் சக்கரம் பூட்டி, தண்டவாளம் போட்டு, 720 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே 70 மீட்டர் உள்ளே உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டார்கள்! 2019 அக்டோபர் 22 அன்று ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது, நேரலையும் ஓடியது. இந்த வேலையை முன்னின்று செய்தவர் பெரிய பொறியியல் மேதை யாருமல்ல. உள்ளூர்க் கொத்தனார் ஒருவர்!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம் இதைப்போல ஆறு மடங்கு கனம். அந்த நாட்டிலேயே மிக உயரமான செங்கல் கலங்கரை விளக்கம் அது. 1870இல் கடலிலிருந்து 1,500 அடி தள்ளிக் கட்டினார்கள். 1970 வாக்கிலேயே அலை 120 அடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 1999இல் அதை அடித்தளத்திலிருந்து அறுத்தெடுத்து, இரும்புச் சட்டத்தில் ஏற்றி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஐந்தடி, ஐந்தடியாக நகர்த்தினார்கள். உடம்பு முழுக்க சென்சார்கள், உச்சியில் காற்றை அளக்க ஒரு வானிலைக் கருவி. 2,900 அடி தூரத்தை 23 நாளில் கடந்து புது இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு கீறல்கூட இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு: இன்றும் அங்கே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

எகிப்தின் அபு சிம்பல் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அஸ்வான் அணையின் நீரில் மூழ்கவிருந்த ராம்சேஸ் மன்னனின் மலைக்கோயிலை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய் மறுபடி கோத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை காலைச் சூரியன் கருவறைக்குள் நேராக நுழையும் அமைப்பு அந்தக் கோயிலுக்கு உண்டு. இடம் மாறிய பின்னும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில் வெளிச்சம் தவறாமல் உள்ளே வருகிறது! உள்ளே அமர்ந்திருக்கும் நால்வரில் மூவர் மேல்தான் ஒளி படும். இருளோடு தொடர்புடைய ப்தா என்ற தெய்வத்தை அது அன்றும் தொடவில்லை, இன்றும் தொடுவதில்லை.

சரி, ஒரு கட்டடத்தை நகர்த்தலாம். ஒரு நகரத்தை?

வெனிஸ் நகரத்தை நகர்த்த முடியாது. அதனால் கடலை நிறுத்தினார்கள்! கடலுக்கும் காயலுக்கும் இடையிலுள்ள மூன்று வாய்களில், கடலடியில், 78 இரும்புக் கதவுகள் படுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 20 மீட்டர் அகலம். உள்ளே வெறும் கூடு, சாதாரண நாளில் அதில் தண்ணீர் நிரம்பியிருக்கும், கதவு கண்ணுக்கே தெரியாது. பெரிய அலையேற்றம் வரப்போகிறது என்றால் உள்ளே காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். கனம் குறைந்த கதவு தானாகவே ஒரு பக்கம் எழுந்து நிற்கும். சுமார் அரை மணி நேரத்தில் கடலுக்கு நடுவே ஒரு மஞ்சள் சுவர்! 2003இல் தொடங்கிய வேலை. நடுவில் ஊழல் வழக்கு வெடித்து, 2014இல் 35 பேர் கைதானார்கள். செலவு 500 கோடி யூரோவைத் தாண்டியது. (பெரிய திட்டம் என்றாலே எல்லா ஊரிலும் ஒரே கதைதான் போல.) வேலை முடிவதற்குள் 2019 நவம்பர் 12 இரவு 187 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நகரத்தைச் சூறையாடிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு அக்டோபர் 3 அன்றுதான் நிஜமான வெள்ளத்துக்கு எதிராகக் கதவுகள் முதன்முதலாக எழுந்தன. நகரம் நனையவில்லை!

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தண்ணீர் 110 செ.மீ. ஏறும் என்று தெரிந்தால்தான் கதவைத் தூக்குவார்கள். அதற்குக் கீழே என்றால் கப்பல் போக்குவரத்து நடக்க வேண்டுமே! வெனிஸின் மணிமகுடமான புனித மாற்கு பேராலயமோ நகரத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. 110க்கு வெகு கீழேயே அதன் முகமண்டபத்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிடும். இத்தனை கோடியைக் கடலில் கொட்டிய பிறகும் கோயிலின் கால் நனைந்துகொண்டே இருந்தது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பேராலயத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். 2022இல் அது வேலை செய்யத் தொடங்கியதும் முகமண்டபம் நனைவது நின்றது.

வெனிஸின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த அலையேற்றம் 194 செ.மீ. அது வந்த நாள் 1966 நவம்பர் 4. அதே நாளில், அதே புயலில், ஃப்ளாரன்ஸ் நகரத்தை ஆர்னோ ஆறு விழுங்கியது! சில இடங்களில் தண்ணீர் 6 மீட்டருக்கும் மேல் நின்றது. ஓவியர் வசாரி 1546இல் வரைந்த ‘கடைசி இராவிருந்து’ ஐந்து மரப் பலகைகளாலானது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது தண்ணீருக்குள் கிடந்தது. வெளியே எடுத்தபோது மரம் ஊறிப் பொதபொதவென்று இருந்தது, வண்ணம் உதிரும் நிலை. அவசர அவசரமாக மெல்லிய தாளை ஓவியத்தின் மேல் ஒட்டி வண்ணத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்புறம்? காத்திருந்தார்கள். இதைச் சரிசெய்யும் வித்தை அப்போது யாரிடமும் இல்லை. வித்தை வந்து, வேலை முடிந்து, ஓவியம் சாந்தா க்ரோச்சே ஆலயத்துக்குத் திரும்பியபோது ஆண்டு 2016. சரியாக ஐம்பது ஆண்டுகள்!

இப்போது அந்த ஓவியத்தை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். பின்னால் கப்பி இருக்கிறது. வெள்ளம் வருகிறது என்றால் சுழற்ற வேண்டியதுதான், ஓவியம் மேலே போய்விடும்.

இதே வித்தையை வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்து வணிகர்கள் ஃப்ளாரன்ஸ்காரர்களுக்கு வெகு காலம் முன்பே வைத்திருந்தார்கள், தெரியுமா? ஆற்றங்கரையிலுள்ள அந்தப் பழைய மர வீடுகளின் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தால் மச்சுத் தளத்தில் ஒரு திறப்பு தெரியும். ஆற்றில் நீர் ஏறியதும் சரக்கு, சாமான், நாற்காலி எல்லாவற்றையும் அதன் வழியாக மேல்தளத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டான் கி வீட்டின் சுவரில், எந்த ஆண்டு எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் குறியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்!

நம் திருநெல்வேலிக்காரர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். “இதெல்லாம் ஒரு விஷயமா, எங்க குறுக்குத்துறையில வந்து பாருங்க!” என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும்! தாமிரபரணியின் நடுவிலேயே ஒரு முருகன் கோயில். திருச்செந்தூர் மூலவர் சிலைக்கு இங்குள்ள பாறையில்தான் கல் எடுத்தார்கள் என்பது ஐதீகம். ஆற்றுக்குள் கோயில் கட்டினால் வெள்ளம் வராதா? வரும். கோபுரத்தின் தலை மட்டும் தெரியும் அளவுக்கு வரும். அது தெரிந்தேதான் கட்டினார்கள்! வெள்ளம் மோதுகிற பக்கம் படகின் மூக்குபோல் கூராக இருக்கிறது. தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடிவிடும். உள்ளே புகுந்த தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போக வழி இருக்கிறது. ஆற்றில் நீர் ஏறுகிறது என்ற தகவல் வந்ததும் உற்சவரையும் உண்டியலையும் பூஜைப் பொருட்களையும் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூலவர் ஆற்றோடு இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டு, உற்சவரைத் திரும்பக் கொண்டுவந்து பூஜையைத் தொடங்கிவிடுவார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்திலும் கோயில் மூழ்கியது. எழுந்தும் நின்றது.

500 கோடி யூரோ கதவையும் மேலக்கோயிலுக்குப் போகும் உற்சவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் ஓட்டு உற்சவருக்குத்தான். ‘வெள்ளம் வரவே கூடாது’ என்று கட்டுவது ஒரு வழி. ‘வரும், வந்தால் இன்னார் இன்னதைத் தூக்க வேண்டும்’ என்று ஊருக்கே மனப்பாடமாக இருப்பது இன்னொரு வழி. இரண்டாவதுக்குச் செலவு குறைவு, ஆயுள் அதிகம்.

புத்தகம் நனைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? வெயிலில் காயவைப்பீர்கள், அப்படித்தானே? 2002 ஆகஸ்டில் ப்ராக் நகரம் மூழ்கியபோது அங்கே நனைந்த நூல்களையும் ஆவணங்களையும் கொண்டுபோன இடம், காய்கறியை உறையவைக்கும் ஆலை! ஈரப் புத்தகத்தில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உறைய வைத்தால் பூஞ்சை அப்படியே நின்றுவிடும். பிறகு நிதானமாக, வெற்றிடத்தில் வைத்து, பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகும்படி உலர்த்தலாம். பட்டாணிக்கும் கேரட்டுக்கும் பக்கத்தில் பழஞ்சுவடிகள்!

பூகம்பத்துக்கு வருவோம். ஜப்பானில் நாரா அருகே ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்கு மரக் கோபுரம் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது, அதுவும் பூமி ஓயாமல் நடுங்கும் நாட்டில்! நடுவே ஒரே பெரிய மரத்தூண். அந்த மரத்தை வெட்டிய ஆண்டு கி.பி. 594 என்று அதன் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தத் தூணை ஒவ்வொரு தளத்தோடும் இறுக்கிப் பிணைக்கவில்லை. கோபுரம் ஆடினாலும் தூண் தன்பாட்டுக்கு நிற்கும். 2012இல் டோக்கியோவில் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தைக் கட்டிய பொறியாளர்கள் அதன் நடுவிலும் இப்படியொரு தூணை வைத்தார்கள். இவ்வளவு உறுதியான ஹோர்யூஜியை ஆட்டிப் பார்த்தது தீ. 1949 ஜனவரி 26 அன்று பொன்மண்டபத்துச் சுவரோவியங்கள் கருகிப்போயின. அன்றிலிருந்து பாடம் கற்று, 1955 முதல் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் ஜப்பான் முழுக்கப் பழங்கட்டடங்களில் தீத்தடுப்பு ஒத்திகை நடக்கிறது. கூரை வேய்ந்த வீடுகளுக்குப் பேர்போன ஷிரகவாகோ கிராமத்திலோ 59 நீர்ப்பீரங்கிகள்! ஒத்திகை நாளில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் ஊரே நீர்த்திரைக்குள் மறைந்துவிடும்.

பைசா கோபுரம் சாய்ந்ததற்குக் காரணம் இளகிய மண். அது தெரியும். 1280க்குப் பிறகு குறைந்தது நான்கு பெரிய பூகம்பங்களில் அது விழாமல் தப்பியதற்கும் காரணம் அதே இளகிய மண்தான் என்று 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உட்பட்ட குழு சொன்னது, தெரியுமா? நில அதிர்வின் தாளமும் கோபுரத்தின் ஆட்டமும் ஒன்றுசேராதபடி மண் நடுவில் நின்று கெடுத்துவிடுகிறதாம். கவிழ்த்த கையே காப்பாற்றுகிறது!

காட்மாண்டுவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் காஷ்டமண்டபம் என்ற பழைய மர மண்டபம் தரைமட்டமானது. ‘பழைய அஸ்திவாரம், தாங்கவில்லை’ என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தால், அஸ்திவாரம் மண்டல வடிவில் கட்டுக்கோப்பாக இருக்கிறது! காலக்கணிப்பில் அது 7ஆம் நூற்றாண்டுக்குப் போனது. எண்ணியிருந்ததைவிடப் பல நூற்றாண்டு பழையது. கோளாறு மேலே இருந்தது. நான்கு பெருந்தூண்களில் ஒன்று அதன் அடிக்கல்லில் பொருந்தியே இருக்கவில்லை. முன்னோர் கட்டியது நின்றது, இடையில் கைவைத்தவர்கள் விட்ட குறைதான் கவிழ்த்தது. பழுதுபார்க்கிறோம் என்று இறங்கும் ஒவ்வொருவரும் இந்தத் தூணை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஜப்பானின் குமமோட்டோ கோட்டையில் 2016 பூகம்பத்தின்போது ஒரு காவல்மாடத்தின் மூலையை ஒற்றை வரிசைக் கற்கள் மட்டும் தாங்கி நின்ற படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் எல்லாம் சரிந்துவிட்டது! விழுந்த கற்களுக்கு ஒவ்வொன்றாக எண் போட்டு, பழைய படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைக்கிறார்கள். பிரதான கோபுரம் 2021இல் திறந்துவிட்டது. மதில் வேலை இன்னும் பல பத்தாண்டுகள் நடக்கும்.

மண்ணாலேயே கட்டிய கட்டடத்தை மழையிடமிருந்து எப்படிக் காப்பது? மாலி நாட்டின் ஜென்னே மசூதியைக் கேளுங்கள். உலகின் மிகப் பெரிய மண் கட்டடம் அது. இப்போதுள்ளது 1907இல் எழுந்தது. சுவர் முழுக்க மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அலங்காரம்போலத் தெரியும். அவை ஏணிப்படிகள்! ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்துக்கு முன், ஊர் மொத்தமும் திரண்டு வந்து பூசும். நாட்கணக்கில் ஊறவைத்த சேற்றில் உமி கலந்து, கூடை கூடையாக இளைஞர்கள் ஓடிக் கொண்டுவருவார்கள். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள். தெருவுக்குத் தெரு போட்டி! தேர்த்திருவிழா கெட்டது. இந்தப் பூச்சு ஓரிரு ஆண்டு தவறினால் மழையே கட்டடத்தைக் கரைத்துவிடும். பெருவில் உள்ள சான் சான் என்ற மண் நகரத்துக்கு அப்படிப் பூச ஊரே மிச்சமில்லை. மழை, காற்றின் அரிப்புக்கு அஞ்சி, 1986இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே ஆண்டிலேயே ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரி அலை என்றுதானே நினைப்போம்? அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியாகிவிட்டது, சவுக்கு நட்டாகிவிட்டது. 2004 சுனாமியையே அது தாங்கிவிட்டது. சுனாமி போகிற போக்கில் மணலை வாரிக்கொண்டு போய், புதைந்திருந்த சிற்பங்களைக் காட்டிவிட்டும் போனது. உண்மையான எதிரி காற்றில் வரும் உப்பு. கல்லுக்குள் ஊறி, காய்ந்து, படிகமாகி, உள்ளிருந்தே தோலை உரிக்கும். அதற்குத் தொல்லியல் துறை வைத்திருக்கும் மருந்து என்ன தெரியுமா? காகிதக் கூழ்! நல்ல தண்ணீரில் ஊறிய கூழைச் சிற்பத்தின் மேல் அப்பி விடுவார்கள். கூழ் காயும்போது கல்லிலுள்ள உப்பு அதற்குள் ஏறிவிடும். பிய்த்தெடுத்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். ராஜசிம்ம பல்லவன் கட்டியதை வெறும் காகிதம் காப்பாற்றுகிறது! தெற்கே தரங்கம்பாடியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலுக்கு இந்த அதிர்ஷ்டம் தாமதமாகத்தான் கிடைத்தது. முன்மண்டபங்களைக் கடல் தின்ற பிறகே பாறைத் தடுப்பு வந்தது.

தான்சானியாவின் கில்வா கிசிவானித் தீவில் கல்லைக் கொட்டியதோடு நிற்காமல் அலையாத்தி மரங்களையும் நட்டார்கள். 2004இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போன இடம், 2014இல் அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஈஸ்டர் தீவிலோ 1960இல் சிலி பூகம்பத்தின் சுனாமி ஒரே மேடையைச் சேர்ந்த 15 மோவாய் சிலைகளை உள்நாட்டுக்குள் வாரி வீசியது. ஒரே சிலை 86 டன்! ‘ஒரு கிரேன் மட்டும் இருந்தால்’ என்று தீவின் ஆளுநர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் சொல்ல, கிரேன் கம்பெனி ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட, கப்பலேறி வந்து சேர்ந்தது கிரேன். 1990களில் பதினைந்தும் எழுந்து நின்றன. கடல் மட்டம் உயர்ந்தால் 2080 வாக்கில் அலை மறுபடி அந்த மேடையைத் தொடலாம் என்கிறது 2025இல் வெளிவந்த ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வு.

கெடுக்கும் பருவநிலையே சில நேரம் கொடுக்கவும் செய்கிறது. நார்வே மலையில் பனி உருகியதில் 2014இல் ஒரு மரப் பனிச்சறுக்குப் பலகை கிடைத்தது. 1,300 ஆண்டுப் பழையது. ஜோடி எங்கே? ஏழு ஆண்டு கழித்து, 2021இல், இன்னும் கொஞ்சம் பனி உருகியதும் ஐந்து மீட்டர் தள்ளி அதுவும் கிடைத்தது! ஈராக்கில் 2022 வறட்சியில் மோசுல் நீர்த்தேக்கம் வற்றியபோது 3,400 ஆண்டுப் பழைய மித்தானி நகரமே வெளியே வந்தது. பச்சை மண் செங்கல் சுவர்கள் நாற்பது ஆண்டு தண்ணீருக்குள் கிடந்தும் சில மீட்டர் உயரத்துக்கு நின்றன. காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: பழைய காலத்திலேயே ஒரு பூகம்பம் மேல்சுவர்களைச் சரித்து, கீழ்ப்பகுதியை மூடிவிட்டிருந்தது! மண் ஜாடிகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட களிமண் ஏடுகள் கிடைத்தன. சில இன்னும் களிமண் உறைக்குள்ளேயே இருந்தன. தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் ஆய்வாளர்கள் வரைபடம் எடுத்து, சுவர்களைப் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி, சரளைக்கல்லைக் கொட்டி, நகரத்தைத் தாங்களே புதைத்துவிட்டு வந்தார்கள். காப்பாற்றப் புதைத்தவர்கள்!

நம் பக்கம் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26 இரவு இடிந்து விழுந்தது. விரிசல்கள் அதற்கு வெகு முன்பே எல்லோர் கண்ணிலும் பட்டவைதான். மழை இப்போது சில மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. விரிசல் உள்ள கோபுரத்துக்கு அது போதும். ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் ஊர்க் கோயிலை ஒரு சுற்று அண்ணாந்து பாருங்கள். தளத்து மழைநீர் வெளியேறும் துவாரம் அடைபட்டிருக்கிறதா, கோபுரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா, புது விரிசல் ஓடியிருக்கிறதா? இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து, தேதி போட்டு, கோயில் செயல் அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கன்றை மட்டும் நீங்களே ஏறிப் பிடுங்கிவிடாதீர்கள். வேர் கல்லையும் சேர்த்துக்கொண்டு வரும்.